மகிழ்ச்சிக்கு எதிர்ச்சொல் தேடுவதில் இருக்கும் சிக்கல்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் நல விவரம் கேட்கிறீர்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த படிவத்தில் 'தாங்கள் மகிழ்ச்சியாக உள்ளீர்களா?' என்று ஒரு கேள்வி, 'மகிழ்ச்சியின்மையை உணர்கிறீர்களா?' என்று இன்னொரு கேள்வி. முதலாவதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டால் 'இன்னாது?' என்கிறார்கள். கடைசியில் 'ஏதோ கீறோம் மேடம்' என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் மகிழ்ச்சிக்குச் சரியான எதிர்ச்சொல் துக்கமா, துயரமா, சோகமா, வருத்தமா, கவலையா, எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்ச்சொல் கிடைத்துவிட்டாலும் உங்கள் வேலை முடியாது என்று நினைக்கிறேன். எப்படிக் கேட்டால் அந்தப் பெண் வாயைத் திறப்பாள் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கேற்ப எழுதுகிறேன்.

மொழியியல் படித்துவிட்டு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, இந்தப் பக்கம் எப்படிப் புழங்குகிறது என்பதை ஓரளவு தைரியமாகச் சொல்வேன். மனநல மருத்துவம் என் துறை இல்லை. யாருக்கு நோய், யாருக்கு வெறும் அலுப்பு என்று பிரிப்பது மருத்துவர் வேலை.

முதல் கேள்வியின் சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை, இலக்கணத்திலும் இருக்கிறது. 'எனக்கு சந்தோஷமா இருக்கு' என்பதும் 'நான் சந்தோஷமா இருக்கேன்' என்பதும் ஒன்றல்ல. மகன் பத்தாவது பாஸ் ஆனால் 'எனக்கு சந்தோஷமா இருக்கு'. அது அந்த நேரத்து உணர்ச்சி, நாளைக்கே போய்விடலாம். 'நான் சந்தோஷமா இருக்கேன்' என்பது மொத்த வாழ்க்கைக்கும் போடுகிற மார்க். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வந்த அம்மா, போகும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாளே, 'நீ சந்தோஷமா கீறியாடி?' என்று, அந்தக் கேள்வி. அதற்கு 'இல்லை' என்றால் புருஷனைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் புகார் சொன்னதாக ஆகும். உங்கள் படிவம் கேட்பது இந்த இரண்டாவது வகையை. வாசப்படியில் மாமியார் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத ஒருவர் பேனாவும் கையுமாக நின்று இதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் சிரித்துத்தான் மழுப்புவாள். அந்தச் சிரிப்பை 'ஆம்' என்று டிக் அடித்திருந்தால் அந்தக் கட்டங்களை நம்ப வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். அவை ஒன்றல்ல. அதைவிட முக்கியம், வடசென்னைப் பேச்சில் ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. துக்கம் என்றால் இங்கே சாவு. துக்க வீடு, துக்கம் கேட்கப் போவது, துக்கத்துக்கு வந்தவர்கள். 'உங்களுக்குத் துக்கமாக இருக்கிறதா?' என்று வாசலில் நின்று கேட்டால், வீட்டில் யாரும் சாகவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றும், அபசகுனம் என்றும் நினைப்பாள். துக்கம் இங்கே மனநிலையைவிட ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஷாமியானா உண்டு, சட்டி மேளம் உண்டு, ராத்திரி முழுக்கக் கானா உண்டு. கானா பாடி ஆடி அனுப்பிவைத்த வீட்டையும் துக்க வீடு என்றுதான் சொல்கிறோம்.

வருத்தம் என்றால் யார் மேலோ இருக்கும் மனத்தாங்கல். 'அவருக்கு எம்மேல வருத்தம்', 'ரெண்டு குடும்பத்துக்கும் மனவருத்தம்.' ஆகவே 'வருத்தமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டால் 'யாரு மேல?' என்று திருப்பிக் கேட்பாள். இந்தச் சொல்லின் பழைய பொருள் வேறு. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறளில் வரும்போது வருத்தம் என்பது உடம்பு படும் பாடு, உழைப்பு. அது பிறகு மனசுக்கு ஏறியிருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் இன்றும் அது உடம்பிலேயே நிற்கிறது. அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய்.

கவலை முன்னால் வரப்போவதைப் பற்றியது. கடன், பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு வேலை என்று அதற்கு ஒரு காரணம் இருக்கும். கவலைப்படுவதில் யாருக்கும் வெட்கமும் இல்லை, அதனால் கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் கவலை என்றால் கிளை பிரியும் வழி. மனம் பல வழியாகப் பிரிந்து தடுமாறுவதால் கவலை என்று ஆனது என்று விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, இருக்கவும் கூடும். ஆனால் உறுதி என்று சொல்ல மாட்டேன். சோகம் வடமொழியில் எரிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, இது உறுதி. ஆனால் நம் தெருவில் சோகம் கிண்டல் சொல்லாகிவிட்டது. 'இன்னாடா, சோகமா கீற?' என்றால் காதல் தோல்வி, தாடி, சினிமாப் பாட்டு. துயரம், துன்பம் இரண்டும் புத்தகத்திலும் பிரசங்கத்திலும் வருபவை. இன்பத்தைப் படிவத்தில் போட்டுவிடாதீர்கள். சிற்றின்பம் பேரின்பம் என்று பிரித்துப் பிரித்து, பேச்சில் அந்தச் சொல் படுக்கையறைப் பக்கம் போய்விட்டது.

மகிழ்ச்சியையும் இந்தப் பக்கம் பேச்சில் கேட்பது அபூர்வம். மேடை, கல்யாணப் பத்திரிகை, செய்தி, அதோடு சரி. 2016-இல் ஒரு ரஜினி படம் வந்த பிறகு கொஞ்ச நாள் எல்லாரும் 'மகிழ்ச்சி' என்றார்கள், அதுவும் விளையாட்டாக. சொல்லின் பழைய வாழ்க்கை சுவாரஸ்யமானது. சங்கப் பாடல்களில் மகிழ் என்றால் சந்தோஷமும் உண்டு, கள்ளும் உண்டு, கள் குடித்த மயக்கமும் உண்டு. களிப்பும் அப்படித்தான். குடிகாரனுக்குக் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கியவனை விளக்கைக் கொளுத்திக்கொண்டு தேடுவது போல என்கிறது 929-ஆம் குறள். அங்கே குடிகாரனுக்கு வள்ளுவர் போடும் சொல் 'களித்தான்'. பொச்சாவாமை, அதாவது மறவாமை, அதிகாரத்தின் முதல் குறள் இன்னும் கறார்: 'இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.' பெரிய சந்தோஷத்தில் மெய்மறந்து கடமையை விடுவது அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது. மயக்கம் முதலா சந்தோஷம் முதலா என்று அடித்துச் சொல்ல முடியாது, பழைய பாடல்களிலேயே இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. ஆனால் ஒன்று தெரிகிறது. நம் முன்னோர்களுக்கு மகிழ்ச்சி என்பது ஏறி இறங்குகிற ஒன்று. வாழ்க்கை முழுக்க மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள்.

சந்தோஷம் வடமொழியில் போதும் என்ற மனநிறைவு. பதஞ்சலியின் யோக சூத்திரம் அதை நியமங்கள் என்னும் தன்னொழுக்கங்கள் ஐந்தில் ஒன்றாக வைக்கிறது. தமிழுக்கு வந்து அது கொண்டாட்டமாக மாறிவிட்டது. போதும் என்ற பொருளைத் திருப்தியும் நிம்மதியும் எடுத்துக்கொண்டன. திருப்தி பெரும்பாலும் சாப்பாட்டோடு போகும். நிம்மதி தெலுங்கிலும் கன்னடத்திலும் 'நெம்மதி'. தெலுங்கில் 'நெம்மதிகா' என்றால் மெதுவாக, பதறாமல். அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வேலைக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கத்துப் பெண் தனக்கு வேண்டும் என்று கேட்பது அநேகமாகச் சந்தோஷத்தை அல்ல, நிம்மதியை. 'குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணாம இருந்தா போதும், நிம்மதியா ரெண்டு வாய் துன்னுட்டுப் படுப்பேன்' என்று ஒருத்தி சொன்னால் அவள் சொல்வது நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில்.

வடசென்னைக்கென்று இருக்கும் சொற்களில் பல உருது வழியாக வந்தவை. குஷி, மஜா, பேஜார் மூன்றும் அப்படி வந்தவை என்பதில் சந்தேகமில்லை. குஜால் 'குஷ் ஹால்' என்பதிலிருந்து, அதாவது நல்ல நிலைமை. மஜா என்றால் மூலத்தில் ருசி. பேஜார் என்றால் அலுத்துப்போய் வெறுத்த நிலை, இங்கே தொல்லை என்றும் பொருள். 'ஒரே பேஜாரா கீது' என்பது அழுகையில்லாத, ஆனால் நன்றாகவும் இல்லாத ஒரு நிலை. நீங்கள் தேடும் 'மகிழ்ச்சியின்மை'க்கு ஒற்றைச் சொல்லாக மிக அருகில் வருவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆண்கள் வாயில் அதிகம், வயதான பெண்கள் வாயில் குறைவு. அரசாங்க முத்திரை வைத்த படிவத்தில் அச்சடித்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்பது தனிக்கதை.

சுகம், துக்கம் இரண்டையும் வண்டிச் சக்கரத்தின் அச்சுத் துளையோடு சேர்த்து, நல்ல துளை சுகம், கெட்ட துளை துக்கம் என்று வாட்ஸப்பில் சுற்றும் விளக்கம் உங்களுக்கும் வந்திருக்கும். வடமொழி அகராதிக்காரர்கள் அதைக் குறித்து வைத்தது உண்மை, அவர்களே அதை முழுசாக நம்பவில்லை என்பதும் உண்மை. பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டாம்.

எனக்கு ரொம்ப நாளாக ஆச்சரியம் தரும் விஷயம் வேறு ஒன்று. நல்லது கெட்டது சேராத பொதுச் சொற்கள் தமிழுக்கு வந்ததும் சோகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. அவஸ்தை என்றால் வடமொழியில் வெறும் நிலைமை. தமிழில் அவஸ்தைப்பட்டால் கஷ்டப்பட்டதாகப் பொருள். வேதனை என்றால் பௌத்த நூல்களில் உணர்ச்சி, அதில் இன்பமும் உண்டு, துன்பமும் உண்டு, இரண்டும் இல்லாததும் உண்டு. நமக்கு வேதனை வலி மட்டும்தான். இந்தக் காலத்தில் ஃபீலிங். 'ரொம்ப ஃபீல் பண்றான்பா' என்றால் அவன் அழுதுகொண்டிருக்கிறான். சந்தோஷத்தில் யாரும் ஃபீல் பண்ணுவதில்லை. 'மனசு ஒரு மாதிரியா கீது' என்பதில் எந்த மாதிரி என்று இல்லை, ஆனாலும் நல்ல மாதிரி இல்லை என்று கேட்பவருக்குப் புரியும். விரக்தி மட்டும் வேறு பாதை. சாமியார்களுக்குப் பெருமை தரும் பற்றின்மை, நம் வீட்டுக்குள் வந்ததும் கைவிட்ட மனநிலை ஆகிவிட்டது. ஏன் இப்படிச் சாய்கின்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம், நன்றாக இருக்கும்போது நாம் நம் நிலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. நிரூபிக்க முடியாது, என் ஊகம்.

காசிமேட்டில் வேலை செய்கிறீர்கள் என்பதால் இன்னொரு சொல். துறைமுகத்தில் காலையில் 'இன்னிக்கி பாடு எப்டி?' என்று கேட்டால் வலையில் எவ்வளவு விழுந்தது என்று அர்த்தம். பாடு நன்றாக இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் சிரிப்பு. அதே வாயால் 'படாத பாடு பட்டேன்' என்றால் துன்பம். ராயபுரம் மாதா கோயில்களில் பெரிய வெள்ளிக்குத் தியானிப்பது கிறிஸ்துவின் பாடுகளை. எல்லாம் 'படு' என்ற ஒரே வினையிலிருந்து. மீன் வலையில் படுகிறது, மனுஷன் மேல் கஷ்டம் படுகிறது. சந்தோஷப்படு, கவலைப்படு, துக்கப்படு என்று நல்லதையும் கெட்டதையும் ஒரே வினையால் சொல்வது தமிழின் வழக்கம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். அந்த நாட்களில் காசிமேட்டில் எடுத்த பதிலையும் பாடு நன்றாக இருந்த மாதத்துப் பதிலையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

சரி, மகிழ்ச்சி இல்லாமையை இவர்கள் எப்படித்தான் சொல்கிறார்கள்? பெயர்ச்சொல்லால் சொல்வதில்லை, எதிர்மறை வினையால் சொல்கிறார்கள். எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் 'எப்படி இருக்கீங்க?' என்றேன். தராசுத் தட்டைக் கழுவிக்கொண்டே 'நல்லாத்தான் கீறேன் வாத்தியாரே' என்றார். சும்மா நின்றேன். சங்கரா மீனின் செதிலை உரசிக்கொண்டே அவராகச் சொன்னார்: 'ராவுல தூக்கம் புடிக்கல. சோறு எறங்கல. எதுலயும் மன்சு ஒட்டல. பேரன் ஓடியாந்து கால கட்டிக்கிறான், தூக்கிக் கொஞ்சணும்னு தோணல.' நாலு வாக்கியத்தில் ஒரு இடத்திலும் துக்கம் இல்லை, வருத்தம் இல்லை, கவலை இல்லை. புடிக்கல, எறங்கல, ஒட்டல, தோணல. படிவம் 'மகிழ்ச்சியின்மை' என்று தேடியது முழுக்க இங்கே இருக்கிறது. 'இன்மை' சேர்த்து எந்தச் சொல்லையும் உண்டாக்கத் தமிழில் வழி உண்டுதான், ஆனால் அந்தச் சொல் பேச்சுக்கு இறங்கி வராது.

சோகம் வேறு, எதிலும் மனசு ஒட்டாதது வேறு என்ற இந்தப் பிரிவு மருத்துவர்களுக்கும் தெரிந்ததே. மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம், கடந்த இரண்டு வார நிலையைக் கேட்கிறது. அதில் முதல் கேள்வி செய்யும் காரியங்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்துவிட்டதா என்பது, இரண்டாவது கேள்வி மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருக்கிறதா என்பது. சந்தோஷம் இல்லாதது வேறு, சோகம் இருப்பது வேறு என்று இரண்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். பேரனைக் கொஞ்சத் தோணாதது முதலாவது. உங்கள் படிவத்தை மொழிபெயர்த்தவர் இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டார் என்பது என் சந்தேகம்.

சோகத்தின் காரணத்தைத் தோண்ட வேண்டுமானால் தொல்காப்பியம் இன்றும் உதவும். உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியல் பகுதியில் தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, வேண்டியவரையும் வேண்டியதையும் இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போவது, இல்லாமை. மூன்றாவதான அசைவை நாம் மறந்துவிடுகிறோம். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் இருந்தவர்களைக் நகரின் தெற்குக் கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்களே, அங்கே போன சொந்தக்காரர்களைப் பற்றி இங்கே இருக்கும் பெண்கள் பேசுவதைக் கேளுங்கள். வீடு கிடைத்தது, யாரும் சாகவில்லை, யாரும் திட்டவில்லை. ஆனாலும் 'அங்க போனதுலேந்து அவ பழைய ஆளா இல்ல' என்பார்கள். அது அசைவு.

உடம்பு வழியாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இத்தனை காலத்தில் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் 'மனநலம்' என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்துவார்கள். வயிறு எரிகிறது, நெஞ்சு பாரமாக இருக்கிறது, தலை கனக்கிறது என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எரிச்சல் கெட்டது என்பதால், சூடு ஆறுவதுதான் நமக்கு ஆறுதல். மனசு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்றுதான் நல்லதைச் சொல்கிறோம். நம் ஊர் வெயிலுக்கு அதுதானே நியாயம்.

ஆகவே நான் கேட்பதாக இருந்தால் இப்படிக் கேட்பேன். மாமியார் காதில் விழாத இடமாகப் பார்த்து, 'இந்த ரெண்டு வாரமா ராத்திரி நல்லா தூக்கம் வருதா? சாப்பாடு எறங்குதா? முன்ன ஆசையா செஞ்ச வேலை, பேசின பேச்சு, பார்த்த சீரியல், இப்பவும் புடிக்குதா? மனசு எதுலயாவது ஒட்டுதா? வீட்டுல நிம்மதியா கீதா?' அதன் பிறகு, 'என்னமாவது கவலை இருக்கா?' என்பதைக் கடைசியில் வைப்பேன். அதை முதலில் வைத்தால் கடன் கணக்கு மட்டும் வரும், மற்றது வராது. 'செத்தா தேவல' என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கம் எல்லாரும் சொல்கிற பேச்சுதானே என்று தள்ளிவிடாதீர்கள். நின்று கேளுங்கள், உங்கள் மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக்கொடுங்கள்.

உங்கள் படிவம் மதிப்பெண் கூட்டி முடிவு சொல்லும் வகையாக இருந்தால் சொற்களை நீங்களாக மாற்றக் கூடாது, கணக்கு தப்பிவிடும். அப்படியானால் அச்சிட்ட கேள்வியைப் படித்துவிட்டு, புரியவில்லை என்பவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன பேச்சு வடிவத்தை விளக்கமாகச் சொல்லலாமா என்று உங்கள் திட்டத்தை நடத்தும் மருத்துவரைக் கேளுங்கள். வெறும் விவரம் திரட்டும் படிவம்தான் என்றால், அச்சுக்குக் கொடுக்கும் முன் காசிமேட்டில் நாலு பேர், புளியந்தோப்பில் நாலு பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். புளியந்தோப்பில் சில வீடுகளில் உருதும் சில வீடுகளில் தெலுங்கும் பேசுவார்கள், அங்கே 'ஒட்டல', 'எறங்கல' இரண்டும் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று தனியாகப் பாருங்கள்.